கண்காட்சிக்குப் போன தானியமும் கமிஷனுக்குப் போன விவசாயியும்

மல்லாட்டை பிடுங்கி, ஆய்ஞ்சு, காயவைத்து மூட்டை பிடித்தாகிவிட்டது. கொல்லை சும்மா கிடக்கிற இந்த நாட்களில் எழுதினால்தான் உண்டு.

போன மாதம் எங்கள் பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேன் பிடித்து, சென்னையில் ஒரு வேளாண் கண்காட்சிக்குப் போய் வந்தோம். டிராக்டர், களை எடுக்கிற மிஷின், மருந்து அடிக்கிற ட்ரோன், சொட்டுநீர்க் குழாய், கண்ணாடி டப்பாவில் விதை, எல்லாம் பார்த்தோம். ஒரு இடத்தில் மல்லாட்டைச் செடியை வேரும் காயுமாக நிறுத்தி, கீழே பெயர் எழுதி வைத்திருந்தார்கள். எங்களோடு வந்த பெரியவர் ஒருத்தர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் எழுதியிருக்கீங்க, மூட்டை என்ன விலைக்குப் போவும்னு எழுதலையே?" என்று கேட்டார். அங்கே நின்ற பையன் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டீஸைக் கொடுத்தான். திரும்பி வரும்போது வேன் முழுக்க அதே பேச்சுதான். "செடிக்கு ஸ்டால் போட்டான், செடி போட்டவனுக்கு எங்க ஸ்டால்?"

சிரிச்சுக்கிட்டேதான் வந்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு 170 வயசு ஆகிறது. மதராஸில் நம்ம விளைபொருளை வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தியது 1855ல். அதே வருஷம், அதே மதராஸில், விவசாயி சம்பந்தமாக இன்னொரு காரியமும் நடந்தது. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

லண்டனில் போட்ட கோலம்

கதை லண்டனில் தொடங்குகிறது. 1851ல் ஹைட் பார்க்கில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு பெரிய மாளிகை கட்டி, உலகக் கண்காட்சி நடத்தினார்கள். 60 லட்சம் பேர் வந்து பார்த்ததாகக் கணக்கு. அங்கே வைத்த பொருட்களை 30 வகுப்பாகப் பிரித்தார்கள். உணவுப் பொருட்கள் மூன்றாம் வகுப்பு. உழவுக் கருவிகள் ஒன்பதாம் வகுப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்தியாவிலிருந்து பொருட்களைச் சேகரித்து அனுப்பியது.

இதில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. இங்கிலாந்தில் மில்கள் பெருகிவிட்டன. எண்ணெய் வேணும், நார் வேணும், சாயம் வேணும், பஞ்சு வேணும். இந்தியாவில் எந்த ஜில்லாவில் என்ன விளைகிறது, என்ன தரம், எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்தால் வியாபாரம் பண்ணலாம். அதற்கு நல்ல வழி, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பது.

மதராஸில் அந்த வேலைக்கு ஆள் இருந்தார். எட்வர்ட் பால்ஃபோர் என்ற ராணுவ டாக்டர். 1851ல் தொடங்கிய மதராஸ் மியூசியம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. இன்றைக்கு நாம் எழும்பூர் மியூசியம் என்கிறோமே, அதுதான். கல், மண், மரம், விதை, எண்ணெய் என்று கண்டதையெல்லாம் சேர்த்துப் பெயர் எழுதி வைக்கிற மனுஷன். பின்னால் 1857ல் இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய கலைக்களஞ்சியமே போட்டார்.

1855ன் தொடக்கத்தில், லார்டு ஹாரிஸ் கவர்னராக இருந்தபோது, மதராஸ் கண்காட்சி நடந்தது. 'தென்னிந்தியாவின் மூலப்பொருட்கள், கலைகள், கைத்தொழில்கள்' என்பது அதன் பொருள். லண்டனில் போட்ட அதே 30 வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவர்கள். பொருளைப் பார்த்து, தரம் சொல்லி, அறிக்கை எழுத வேண்டியது அவர்கள் வேலை. அந்த அறிக்கைகள் 1856ல் புத்தகமாக அச்சாயின. 1857ல் இரண்டாவது கண்காட்சியும் நடந்தது.

எருக்கு நாரும் ரஷ்யச் சண்டையும்

அந்தக் காலத்தில் அவர்கள் எதை எதை ஆராய்ந்தார்கள் என்று பார்த்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். நாம் வேலியோரம் பார்த்துவிட்டுப் போகிற எருக்கு, கத்தாழை, வரப்பில் போடுகிற புளிச்சை, பசுந்தாளுக்கு விதைக்கிற சணப்பை, இவையெல்லாம் அவர்களுக்குப் பெரிய விஷயம். காரணம் ரொம்ப தூரத்தில் இருந்தது. 1853லிருந்து 1856 வரை கிரிமியாவில் சண்டை. இங்கிலாந்தின் கப்பல் கயிற்றுக்கான நார் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ரஷ்யாவோடதான் சண்டையே. வேற நார் எங்க கிடைக்கும்னு தேட ஆரம்பித்தார்கள்.

மதராஸில் கலைத்தொழில் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் நார் வகைகளில் நிறைய வேலை செய்தார். அவருக்கு முன்பே டாக்டர் ராபர்ட் வைட் கயிறுகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்திருந்தார். தென்னை நார் 224 பவுண்டில் அறுந்தது. புளிச்சை 290, பருத்தி 346, கத்தாழை 362, சணப்பை 407. எல்லாவற்றையும் ஜெயித்தது எருக்கு, 552 பவுண்டு! நம்ம ஊர்ப் பெரியவர்கள் எருக்கு நாரில் கயிறு திரித்தார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

சரி, இந்தச் சாமான்களெல்லாம் மதராஸ் வரை எப்படிப் போயின? ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயில் ஓடியதே 1856 ஜூலை 1ஆம் தேதிதான். திண்டிவனத்துக்கு ரயில் வர அதற்கப்புறம் இன்னும் இருபது வருஷம் ஆனது. எங்கள் வல்லத்திலிருந்து மதராஸ் 80 மைலுக்கு மேலே. பாரம் ஏற்றிய மாட்டு வண்டியில் போனால் நாலஞ்சு நாள்.

ரயத்துவாரி ஜில்லாக்களில் சர்க்கார் காரியம் எதுவானாலும் ஒரே வழியில்தான் கீழே வரும். கலெக்டர், தாசில்தார், அப்புறம் கிராமத்தில் மணியக்காரர், கர்ணம். கிஸ்தி கேட்டு வருகிற கையும் அதேதான். கலெக்டர் ஆபீசில் 'மாதிரி' என்று பெயர் எழுதிய ஒரு படி தானியத்துக்கும், நம்ம முப்பாட்டன் வாசலில் நின்று தீர்வை கேட்ட சேவகனுக்கும் அதிக தூரம் இல்லை.

இன்னொரு வாசல்

இப்போது அந்த இன்னொரு காரியத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் தென்னாற்காட்டில் நிலத்தீர்வை ரொம்பக் கடுமை. விளைஞ்சாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி கட்டணும். கட்ட முடியாதவனை என்ன செய்தார்கள் என்பது ஊருக்கு ஊர் தெரியும். கிட்டி என்று ஒன்று உண்டு. இரண்டு கட்டைக்கு நடுவில் விரலை வைத்து இறுக்குவது. அண்ணாந்தாள் என்று இன்னொன்று. கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்த வாக்கிலேயே மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு.

இதைப் பற்றி முதலில் சத்தம் போட்டவர்களில் முக்கியமானவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. மதராஸ் வியாபாரி. 'கிரசென்ட்' என்ற பத்திரிகை நடத்தியவர். 1852ல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கி, பார்லிமெண்ட்டுக்கே மனு அனுப்பினார். டான்பி சீமூர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் மதராஸ் வந்து பார்த்துவிட்டுப் போய், 1854 ஜூலையில் லண்டன் சபையில் இந்த விஷயத்தைக் கிளப்பினார். "அப்படியெல்லாம் நடக்குமா?" என்று சிலர் மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். 1854 செப்டம்பரில் நியமனம். 1855 ஏப்ரலில் அறிக்கை.

தேதியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கண்காட்சிக்குப் பொருள் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதே பருவத்தில், அதே மதராஸில், இந்தக் கமிஷன் புகார் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேல் புகார்கள் வந்தன. நிறையப் பேர் எழுதி அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் நேரிலேயே வந்து நின்றார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களும் உண்டு. ரயில் இல்லாத காலம் என்று இப்பதான் சொன்னேன். கட்டுச்சோறும் கையுமாகப் புறப்பட்டு, வழியில் சத்திரத்திலும் மரத்தடியிலும் படுத்து, பாஷை தெரியாத வெள்ளைக்காரன் முன்னால் போய்க் கையைக் காட்டுவதற்கு எவ்வளவு வேதனை பட்டிருக்கணும்!

கமிஷன் கடைசியில் ஒப்புக்கொண்டது. ஆமாம், வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது, ஒரு இடத்தில் இரண்டு இடத்தில் இல்லை, ராஜதானி முழுக்க நடக்கிறது என்று எழுதியது. ஆனால் பழியைக் கீழே இருந்த இந்தியச் சிப்பந்திகள் மேல் போட்டுவிட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டது. தீர்வையை அந்த அளவுக்கு ஏற்றி வைத்தது யார் என்று நம்ம ஊர்க் கிழவி கேட்டிருந்தால் பதில் சொல்ல முடிந்திருக்காது. இந்த அறிக்கையைப் படித்துவிட்டு 1857ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? கார்ல் மார்க்ஸ். நம்ம பக்கத்துக் கிட்டியும் அண்ணாந்தாளும் நியூயார்க் வரை போயிருக்கிறது.

அறிக்கை வீண் போகவில்லை. புதிய நில அளவையும் தீர்வை ஏற்பாடும் செய்வது என்று 1855லேயே மதராஸ் சர்க்கார் முடிவெடுத்தது. தென்னாற்காட்டில் 1850களில் தீர்வை விகிதம் குறைந்தது. குறைந்ததும் என்ன ஆச்சு? தரிசாகக் கிடந்த நிலமெல்லாம் உழவுக்கு வந்தது. யாரும் வந்து பாடம் நடத்தவில்லை, மெடல் குத்தவில்லை. வயித்துக்கு மிஞ்சும் என்று தெரிந்ததும் ஜனங்கள் தாங்களாகவே ஏரைப் பூட்டினார்கள்.

விவசாய முன்னேற்றத்துக்காக அந்த வருஷம் மதராஸில் நடந்த இரண்டு காரியத்தில், விவசாயிக்கு உதவியது கமிஷன்தான் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அங்கேதான் அவன் வாயைத் திறந்தான்.

நீராவிக் கலப்பை வந்தது

கண்காட்சி மோகம் அதோடு விடவில்லை. 1864 ஜனவரியில் கல்கத்தா அலிப்பூரில் பெரிய விவசாயக் கண்காட்சி நடந்தது. மாடு, ஆடு, தானியம், இங்கிலாந்து இயந்திரங்கள் என்று ஊரே திரண்டது.

இந்தப் பக்கம் மதராஸில் சர் வில்லியம் டெனிசன் கவர்னர். இன்ஜினியர். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பையும் மற்ற கருவிகளும் வரவழைக்க ஏற்பாடு செய்தார். நீராவிக் கலப்பை அன்றைக்கு உலக அதிசயம். ஜான் ஃபௌலர் என்பவர் அதைச் சரியாக ஓட்டிக் காட்டி 1858ல் 500 பவுண்டு பரிசு வாங்கியிருந்தார். வயலின் ஓரத்தில் இஞ்சின் நிற்கும். இரும்பு வடம் கலப்பையை இழுத்துக்கொண்டு குறுக்கே போகும். அதற்கு நீண்டு பரந்த ஒரே சதுரமான வயல் வேணும், நிலக்கரி வேணும், இஞ்சின் பாரம் தாங்குகிற பாதை வேணும். நம்ம ஊரில் அரைக் காணி, கால் காணியாக வரப்புப் போட்ட கழனி. மழை பெய்தால் மாட்டு வண்டியே அச்சு வரை இறங்கும். இதில் எங்கே இஞ்சினை நிறுத்துவது?

கருவிகளை வைத்துச் சோதனை செய்ய 1865ல் சைதாப்பேட்டையில் சர்க்கார் பண்ணை தொடங்கியது. பிறகு ராபர்ட்சன் என்பவர் அதன் பொறுப்பை ஏற்றார். விவசாயப் பள்ளியும் அங்கே வந்தது. அந்தப் பள்ளிதான் 1906ல் கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியாகி, இன்றைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஆகவே சைதாப்பேட்டை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீராவிக் கலப்பை நம்ம நாட்டில் பரவவே இல்லை. அந்தப் பண்ணை இருக்கும்போதே 1876ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துப் போனார்கள். பஞ்சத்துக்குப் பிறகுதான் விவசாயத்துக்குத் தனி இலாகா வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

கடைசியில் ஒரு வெள்ளைக்காரரே உண்மையைச் சொன்னார். இங்கிலாந்து ராயல் விவசாயச் சங்கத்தின் ரசாயன நிபுணர் ஜான் வோல்க்கர். 1889ல் அவரை இந்தியாவுக்கு அனுப்பி, விவசாயத்தை எப்படித் திருத்துவது என்று பார்த்து வரச் சொன்னார்கள். ஊர் ஊராகச் சுற்றினார். 1893ல் வந்த அவர் அறிக்கையின் சாரம் இதுதான்: நல்ல இந்திய விவசாயி சராசரி இங்கிலாந்து விவசாயிக்குச் சளைத்தவன் இல்லை, சில விஷயங்களில் அவனை மிஞ்சியவன். அவனுக்குக் குறைவது தண்ணீரும் எருவும். விறகு இல்லாமல் சாணத்தை வறட்டி தட்டி எரிக்கிறான், அதனால்தான் நிலத்துக்கு எரு போவதில்லை. 1855லேயே இதைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவனிடம் கேட்கவில்லை.

நம்ம கண்காட்சி எது?

அப்படியென்றால் விவசாயிகளுக்கென்று சொந்தமாகக் கண்காட்சியே இல்லையா? இருந்தது. திருவண்ணாமலைத் தீபத்தோடு நடக்கும் மாட்டுச்சந்தை. அப்போது திருவண்ணாமலை நம்ம தென்னாற்காடு ஜில்லாவில்தான் இருந்தது. கார்த்திகை வந்தால் சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வண்டி கட்டிப் போகும். எங்கள் தாத்தா காலத்திலும் அப்படித்தான். சாமி பார்க்கிறது பாதி, மாடு பார்க்கிறது பாதி.

அங்கே நடுவர் கிடையாது. வாங்க வந்தவனே நடுவர். பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவான். விதைத் தானியம் பற்றியும், எந்த ஊர் ஏரி நிரம்பியது, எவன் கொல்லையில் என்ன நோய் என்பதைப் பற்றியும் பேசிவிட்டுத்தான் திரும்புவார்கள். மாடும் அங்கே இருக்கும், மாட்டுக்காரனும் அங்கேயே இருப்பான், இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி கிடையாது.

மல்லாட்டை நம்ம ஜில்லாவில் பரவியதும் இந்த மாதிரிதான். புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏற ஆரம்பித்ததும், விலை கிடைக்கிறது என்ற செய்தி ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குப் போய், புன்செய் முழுக்க மல்லாட்டை ஆனது. பின்னால் 1930களில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. விதைப் பையில் டி.எம்.வி. என்று போட்டிருக்கிறதே, அது திண்டிவனத்தின் பெயர்தான். அதில் ரொம்பப் பேர் போன டி.எம்.வி. 2 எப்படி வந்தது தெரியுமா? குடியாத்தம் பக்கம் விவசாயிகள் போட்டுக்கொண்டிருந்த கொத்து மல்லாட்டையிலிருந்து பொறுக்கி எடுத்து, 1940ல் வெளியிட்டார்கள். படிச்சவங்க குனிஞ்சு நம்ம கொல்லையைப் பார்த்தபோது, நாலு தலைமுறைக்கு நிற்கிற விதை கிடைத்தது.

கண்காட்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போன மாதம் பார்த்த சொட்டுநீர்க் குழாயை நானே அடுத்த பட்டத்துக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் 1855லிருந்த அந்த இரண்டு வாசல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு வாசலில் விளைச்சலைக் காட்டுகிறார்கள். இன்னொரு வாசல், மாதத்துக்கு ஒருமுறை கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். அங்கே விலை, தண்ணி, கரண்ட், பயிர்க் காப்பீடு என்று மைக்கைப் பிடித்துக் கத்திவிட்டு வருகிறோம். மிஷின் விற்கிறவரும் விதை விற்கிறவரும் அங்கே வருவதில்லை. கண்காட்சி அரங்கில் நமக்கு மைக் கொடுப்பதில்லை.

அடுத்த கண்காட்சியில், அந்த மல்லாட்டைச் செடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடட்டும். அதைப் போட்ட விவசாயி அதில் உட்காரட்டும். என்ன செலவு ஆச்சு, மூட்டை என்ன விலைக்குப் போச்சு, கையில் என்ன நின்றது என்று வருகிறவர்களுக்கு அவரே சொல்லட்டும். எங்க பெரியவரிடம் கேட்டேன். "நாக்காலி போட்டா நானே வந்து குந்திக்கிறேன்டா" என்கிறார்.